பேசாத பெட்டியும் வக்கீல் நாயும்

"படம் வருதுங்க மேடம். சத்தம்தான் வர மாட்டேங்குது."

இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்காகச் சென்னியப்பன் விடியலில் கோயம்புத்தூரில் புறப்பட்டு, மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறி, கொண்டை ஊசி வளைவுகளிலெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு, கோத்தகிரிக்கு ஒரு நிறுத்தம் முன்னால் இறங்கியிருந்தார். மடியில் ஒரு டிபன் கேரியர். மேல் அடுக்கில் சர்க்யூட் போர்டு. நடு அடுக்கில் கேபிள். கீழ் அடுக்கில் மனைவி வைத்த தயிர்சாதம்.

எதிரே ஜெசிந்தா டீச்சர் கேரட் சீவிக்கொண்டிருந்தார்.

டீச்சருக்கு நாற்பத்திரண்டு வயது. சென்னியப்பனுக்கு ஐம்பத்து நான்கு. தன்னைவிடச் சின்னவரிடம் போய்க் கைகட்டி நிற்பதா என்று அவர் மூன்று வாரம் யோசித்தார். அந்த மூன்று வாரமும் பெட்டி பேசவில்லை. அப்புறம் யோசிப்பதை விட்டுவிட்டார்.

டீச்சர் முன்பு பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுத்தவர். இப்போது தேயிலைச் சரிவில் ஓர் ஓட்டு வீடு, ஒரு மேஜை, சுவரில் ஒரு டிவி, ஒரு மாதா படம். யாராலும் சரிசெய்ய முடியாத போர்டுகள் அந்த வீட்டுக்கு வரும். குணமாகித் திரும்பிப் போகும். டீச்சர் என்ன செய்தார் என்று கேட்டால் போய் வந்தவர்கள் ஒழுங்காகப் பதில் சொல்வதில்லை. ஒருவரை நாள் முழுக்கக் கேரட் கழுவ வைத்தாராம். இன்னொருவரிடம் மூன்று நாள் வாயே திறக்கவில்லையாம்.

வாசலில் ஒரு நாய் குரைத்தது.

"அது வக்கீல்" என்றார் டீச்சர். "எதைப் பார்த்தாலும் ஆட்சேபணை சொல்லும்."

சென்னியப்பன் எட்டிப் பார்த்தார். ஒரு காய்ந்த இலை உருண்டு போய்க்கொண்டிருந்தது.

அடுத்த நிமிஷம் மறுபடி குரைத்தது. இந்தத் தடவை எதிரே ஒன்றுமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பஸ் சத்தம் கேட்டது. மேல் வளைவில் பஸ் திரும்பும்போதே அதற்குத் தெரிந்துவிடும் என்று டீச்சர் சொன்னார். சென்னியப்பன் மரியாதைக்குத் தலையாட்டினார். நாயைப் பற்றிப் பேச அவர் வரவில்லை.

அவர் வந்தது பெட்டிக்காக.

பெட்டி என்றால் பெரிய பெட்டி இல்லை. பஸ் ஸ்டாண்டில் மாட்டும் டிவிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிற சின்னப் பெட்டி. எந்த பஸ் எங்கே நிற்கிறது என்று படமும் காட்ட வேண்டும், வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். உள்ளே எஃப்.பி.ஜி.ஏ. என்று ஒரு சில்லு. வாங்கும்போது அது வெறும் வெள்ளைத் தாள். நாம் எழுதிக் கொடுப்பதைக் கம்ப்யூட்டர் படித்துப் படித்து நாற்பது நிமிஷத்தில் ஒரு வரைபடமாக்கும். அதைச் சில்லுக்குள் ஏற்றினால், தனக்குள்ளே தானே கம்பி இழுத்துக்கொண்டு நாம் சொன்ன கருவியாக அது மாறிவிடும்.

டிவிக்குப் போவது ஒரே கேபிள். படமும் அதில்தான், சத்தமும் அதில்தான். படத்துக்கு நடுநடுவே கொஞ்சம் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில் சத்தத்தைப் பொட்டலம் கட்டி, மேலே சீட்டு ஒட்டிச் சொருக வேண்டும். வெளியூர் போகிற பிள்ளையின் பெட்டியில் துணிக்கு இடையே முறுக்குப் பொட்டலம் சொருகுகிற மாதிரி.

சென்னியப்பன் மூன்று டிவி மாற்றிப் பார்த்துவிட்டார். ஒன்பது கேபிள். பொட்டலத்தின் மேல் ஒட்டும் சீட்டில் உள்ள எண்களை எல்லாம் மாற்றி மாற்றி எழுதினார். பயன் இல்லை. மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைத்துப் பூசினால் திருட்டுப் போனது திரும்பக் கிடைக்கும் என்று மனைவி சொன்னாள். போனது சத்தம், எடுத்தவன் பேர் என்னவென்று சொல்லிப் பூசுவது என்று கேட்டுவிட்டுச் சென்னியப்பன் மறுபடி சீட்டு எழுத உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை காலை மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் சோதனை. இன்று புதன். பெட்டி பேசினால் மாட்டுவார்கள். பேசாவிட்டால் படம் மட்டும் காட்டுகிற வேறொரு கம்பெனிப் பெட்டி வந்துவிடும்.

அப்படி வந்தால் அவர் வேலை ஒன்றும் போகாது. ஆனால் மேட்டுப்பாளையத்தில் அவருக்கு ஓர் அக்கா இருந்தாள். பாவாத்தாள். பிறவியிலேயே கண் தெரியாது. ஒரு மில்லில் டெலிபோன் ஆபரேட்டர். முப்பது வருஷமாகத் தினமும் காலையில் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, பக்கத்தில் நிற்கிறவரிடம், இது எந்த பஸ்ஸுங்க என்று கேட்டுக்கொண்டிருப்பவள். பொங்கலுக்குப் போனபோது சென்னியப்பன் அவள் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தார்: இனி நீ யாரையும் கேட்க வேண்டாம் அக்கா, என் பெட்டி சொல்லும்.

போன வாரம் அவள் போனில் கேட்டது இது:

"ஏண்டா சென்னி, உன்ற பெட்டி நல்லாப் படம் காட்டுதாமா. நானும் வந்து பாக்கட்டுமா?"

அதிலிருந்து அக்கா பெயர் போனில் தெரிந்தாலே அவர் அதைக் கவிழ்த்துப் போட்டார். அதுவும் அக்கா லேசில் வைக்க மாட்டாள். பால் திரிந்தது, ஃபேன் கடகடவென்றது, பக்கத்து வீட்டுப் பூனை, எல்லாம் சொல்வாள். இன்று பஸ்ஸில் ஏறியதும் இரண்டு தடவை மணி அடித்தது. சென்னியப்பன் போனைச் சைலன்ட்டில் போட்டுச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டார்.

டீச்சர் எல்லாம் கேட்டார். கேரட் சீவி முடித்தார்.

"டிவி ம்யூட்ல இல்லையே, சார்?"

சென்னியப்பனுக்கு முகம் சுருங்கிவிட்டது. இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்.

"இல்லைங்க."

"எதுக்கும் பாத்துருங்களேன்."

போர்டைச் சுவர் டிவியில் மாட்டிப் பார்த்தார். ம்யூட்டில் இல்லை. சத்தத்தை முழுசாக, நூறுக்கு நூறு வைத்துக் காட்டினார். டிவியில் பஸ் வந்தது, போனது. சத்தம் இல்லை. டீச்சர் எழுந்து வந்து டிவியில் காதை வைத்து, ஓர் 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லும் நேரம் அப்படியே நின்றார்.

பிறகு ரிமோட்டை அழுத்தினார். சத்தம் ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது, நொடிக்கு நாற்பத்தெட்டாயிரம் துளி, இடமும் வலமும் என்று டிவி தன் திரையிலேயே எழுதிக் காட்டியது.

"டிவி வருதுங்குதே, சார்."

"அது பொய் சொல்லுதுங்க மேடம்."

டீச்சர் அடுக்களைக்குப் போய் ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தார். நூல் போட்டு இறுக்கிக் கட்டி, மேலே வர்க்கி என்று அழகாக எழுதியிருந்தது. அந்தப் பக்கத்து மொறுமொறு இனிப்பு பிஸ்கட், கோத்தகிரி வர்க்கி. சென்னியப்பனுக்கு அது பிடிக்கும். நன்றி சொல்லிப் பிரித்தார்.

உள்ளே ஒன்றும் இல்லை.

டீச்சர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சென்னியப்பன் பொட்டலத்தைப் பழையபடி மடித்து மேஜையில் வைத்தார். "பரவாயில்லைங்க மேடம். எப்படியும் எனக்குச் சுகர் இருக்குது."

டீச்சர் மாதா படத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார்.

"சரி. நீங்க எழுதினதை என் முன்னால ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க."

சென்னியப்பன் லேப்டாப்பைத் திறந்தார். இதில் மட்டும் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. மற்றவர்கள் ஓட்டினால் கம்ப்யூட்டர் வரிவரியாக எச்சரிக்கை கொட்டும். இது சரியில்லை, அது சரியில்லை என்று ஆயிரம் புகார். சென்னியப்பன் ஓட்டினால் திரை குளித்து முழுகிக் கோயிலுக்கு வந்த மாதிரி இருக்கும். ஆபீசில் பையன்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

நாற்பது நிமிஷம் ஓடியது. கடைசியில் ஒரு பச்சை டிக். எச்சரிக்கை: பூஜ்யம்.

"ஒன்னுகூட இல்லையா?" என்றார் டீச்சர்.

"ஒன்னுகூட இல்லைங்க."

டீச்சர் திரையைப் பார்த்தார். பிறகு சாவு வீட்டில் துக்கம் கேட்க வந்தவர் மாதிரி அவரைப் பார்த்தார்.

"அவ்வளவு அமைதியா" என்றார்.

அவ்வளவுதான். பையை எடுத்துக்கொண்டார். ரேஷன் கடையில் இன்று பருப்பு போடுகிறார்கள், போய்விட்டு வருகிறேன், வக்கீல் இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

சென்னியப்பன் தனியாக உட்கார்ந்து சீட்டில் இருந்த எண்களின் கூட்டுத்தொகை சரிதானா என்று மறுபடி முதலிலிருந்து கூட்ட ஆரம்பித்தார்.

வக்கீல் குரைத்தது. எட்டிப் பார்த்தார். ஒரு சைக்கிள்.

குரைத்தது. பார்த்தார். கொடியில் காயும் பாவாடை.

குரைத்தது. ஒரு மேகம். மேகத்தைப் பார்த்துக் குரைக்கும் நாயை அவர் ஐம்பத்து நான்கு வயதில் இப்போதுதான் பார்க்கிறார்.

பதினோராவது தடவைக்குப் பிறகு அவர் எட்டிப் பார்ப்பதை நிறுத்தினார். இருபதாவது தடவை பென்சிலைக் கீழே போட்டார். கூட்டல் விட்டுப்போயிருந்தது. எழுந்துபோய், பிஸ்கட் ஒன்றைக் காட்டி, கண்ணு வாடா ராசா என்று கொஞ்சிக் கூப்பிட்டு, வக்கீலைப் பின்பக்க விறகுக் கொட்டகைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்.

ஆகா, என்ன அமைதி. மலைக்காற்று. தேயிலை வாசம். சென்னியப்பன் முதலிலிருந்து கூட்டினார். இந்தத் தடவை கணக்கு சரியாக வந்தது. நிமிர்ந்தார்.

மேஜையின் மறுமுனையில் ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தது.

அதன் மடியில் டிபன் கேரியரின் கீழ் அடுக்கு. வாயைச் சுற்றித் தயிர்சாதம். பின்னால் இன்னும் ஐந்து குரங்குகள், ஆளுக்கு இரண்டு கையிலும் சீவின கேரட். சென்னியப்பன் கத்தினார். ஐந்து குரங்குகள் ஜன்னல் வழியாகப் போயின. ஆறாவது அவசரப்படவில்லை. மேஜையை ஒரு பார்வை பார்த்தது. போர்டைத் தொட்டது. பிறகு மனசு மாறி, டிவி ரிமோட்டை எடுத்துக்கொண்டு சில்வர் ஓக் மரத்தின் உச்சிக்குப் போய்விட்டது.

டீச்சர் பருப்போடு வந்தபோது சென்னியப்பன் மரத்தடியில் நின்று குரங்கிடம் மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தார்.

டீச்சர் வீட்டைப் பார்த்தார். தரையெல்லாம் தயிர்சாதம். மரத்தைப் பார்த்தார்.

"வக்கீல் குரைக்கலையா, சார்?"

"குரைச்சுதுங்க."

"அப்புறம்?"

"கொட்டகையில விட்டுச் சாத்திட்டேனுங்க."

"ஏன்?"

"எல்லாத்துக்கும் குரைக்குதுங்க மேடம்." சென்னியப்பனுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. "இலைக்கு, சைக்கிளுக்கு, மேகத்துக்கு. ஒரே மாதிரி குரைக்குது. அதுல நிசம் எது, சும்மா எதுன்னு மனுசன் எப்படிங்க கண்டுபிடிக்கறது? அந்தக் கத்தல்ல ஒரு வேலை ஓடலை. அதான் வாயை—"

நின்றுவிட்டார்.

டீச்சர் பருப்புப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு லேப்டாப் பக்கம் திரும்பினார். திரையில் பச்சை டிக் இன்னும் இருந்தது. எச்சரிக்கை: பூஜ்யம்.

சென்னியப்பன் உள்ளே ஓடினார்.

மார்ச் மாதம் அவர் எழுதிய ஒரு வரி. மறந்தே போயிருந்தார். பெட்டியின் சில பகுதிகளை அவர் எழுதவில்லை, ஆயத்தமாகக் கிடைத்ததை வாங்கிச் சேர்த்திருந்தார். அதில் தேவைப்படாத கம்பிகள் ஏராளம். இந்தக் கம்பி எங்கேயும் போய்ச் சேரவில்லை, இந்தக் கம்பி எங்கேயும் போய்ச் சேரவில்லை என்று கம்ப்யூட்டர் ஆயிரத்துச் சொச்சம் தடவை சொன்னது. எல்லாம் சேராவிட்டாலும் கெடுதல் இல்லாத கம்பிகள். எரிச்சலில் அவர் ஒரு வரி எழுதினார்: இந்த எச்சரிக்கையை இனிமேல் காட்டாதே.

கம்ப்யூட்டர் சொன்ன சொல் தட்டாதது. அன்றிலிருந்து காட்டவில்லை.

சென்னியப்பன் அந்த வரியை அழித்தார். ஓட்டினார். நாற்பது நிமிஷம். அதற்குள் தரையைத் துடைத்தார். கொட்டகையைத் திறந்துவிட்டார். வக்கீல் வெளியே வந்து முதலில் அவரைப் பார்த்துக் குரைத்தது. அது நியாயம்தான் என்று பேசாமல் நின்றார்.

ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு எச்சரிக்கைகள் வந்து நின்றன.

ஒன்றிலிருந்து படித்தார். ஒவ்வொன்றாக, விரல் வைத்து. இலை. இலை. சைக்கிள். இலை. மேகம். டீச்சர் பருப்புக்குழம்பும் சோறும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். இடது கை விரலை நகர்த்திக்கொண்டே சாப்பிட்டார்.

எண்ணூற்று நாற்பத்தேழாவது வரியில் விரல் நின்றது.

பொட்டலம் கட்டும் அறைக்குள் சத்தத்தைக் கொண்டுபோகிற கம்பி, எங்கேயும் போய்ச் சேரவில்லை.

மார்ச் கடைசியில் சில்லுக்குள் பழைய அறையை எடுத்துவிட்டுப் புது அறை வைத்திருந்தார். பழைய வாசலுக்கு வந்த கம்பியைப் புது வாசலில் மாட்ட விட்டுப்போயிருந்தது. சத்தம் வாசல்வரை வந்தது, அதுவரை சோதித்தார், சரி. பொட்டலம் ஒழுங்காகக் கட்டிப் போனது, அதையும் சோதித்தார், சரி. மூன்று வாரமாக நொடிக்கு நாற்பத்தெட்டாயிரம் பொட்டலம், நூல் போட்டுக் கட்டி, சீட்டு ஒட்டி, உள்ளே ஒன்றுமில்லாமல்.

சென்னியப்பன் மேஜையில் கிடந்த வர்க்கிப் பொட்டலத்தை எடுத்துப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார்.

டீச்சர் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

கம்பியை மாட்ட ஒரு வரி போதும். மறுபடி நாற்பது நிமிஷம். ஏற்றினார். கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு டிவி முன்னால் நின்றார். எந்தச் சாமி என்று பார்க்கவில்லை, எதிரே இருந்த மாதாவைத்தான் கும்பிட்டார்.

ஒரு விஷயம் அவருக்கு மறந்துபோயிருந்தது. டிவியின் சத்தம் காலையில் வைத்த நூறிலேயே இருந்தது. அதைக் குறைக்கும் ரிமோட் மர உச்சியில் இருந்தது.

கோத்தகிரி செல்லும் பேருந்து மூன்றாவது நடைமேடையில் நிற்கிறது என்று அந்த வீடு முழங்கியது. ஓடு அதிர்ந்தது. எதிர்ச் சரிவில் தேயிலை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒரு பெண் கூடையை இறக்கிவிட்டு ரோட்டுப் பக்கம் ரெண்டு எட்டு நடந்தேவிட்டாள். மரத்திலிருந்து ரிமோட் கீழே விழுந்தது.

சென்னியப்பன் அழுதுகொண்டே சிரித்தார். அக்காவுக்குச் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்தார்.

பதினான்கு தடவை கூப்பிட்டிருந்தாள்.

கூப்பிட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் அக்கா ஆரம்பித்துவிட்டாள். போனெடுத்தால் கை நோகுமா என்று கேட்டாள். பால்காரன் தண்ணீர் ஊற்றுவதைச் சொன்னாள். ஃபேனுக்கு ஆள் வராததைச் சொன்னாள். பூனை குட்டி போட்டதைச் சொன்னாள், நாலு குட்டி, ஒன்று நோஞ்சான். எப்போதும் இந்த இடத்தில் சென்னியப்பன், அக்கா அப்புறம் பேசறேன் என்பார். நாக்கு நுனிவரை வந்தது. எதிரே திரையில் எண்ணூற்று நாற்பத்தேழாவது வரி இருந்தது.

நாற்காலியில் உட்கார்ந்தார். "ம், சொல்லு அக்கா" என்றார்.

மறுமுனையில் அக்காவே ஒரு நொடி திகைத்துவிட்டாள். பிறகு மூட்டுவலியைச் சொன்னாள். மில்லில் புதிதாக வந்த மேனேஜரின் குரல் தவில் மாதிரி இருப்பதைச் சொன்னாள். தக்காளி விலை சொன்னாள்.

"அப்புறம் உன்ற பெட்டி சமாச்சாரம் ஒன்னு. பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பர் சொன்னான். வெள்ளிக்கிழமை ஆபீசருக்கு ஏதோ கல்யாணமாமா. உனக்குக் கடுதாசி போட்டிருக்காங்களாம், அது என்னைக்கு வருமோ. சோதனை நாளைக்குக் காத்தால பத்து மணிக்காமா. உனக்குத் தெரியும்தானே?"

சென்னியப்பனுக்குத் தெரியாது.

"நானும் வந்து நிக்கறேன்டா" என்றாள் அக்கா. "எனக்குப் படம் வேண்டாம்."

மணி ஐந்தாக இரண்டு நிமிஷம். மேட்டுப்பாளையத்துக்குக் கடைசி பஸ் ஐந்து பத்துக்கு. கையைக் காட்டினால்தான் நிற்கும். சென்னியப்பன் போர்டை மேல் அடுக்கில் வைத்தார், கேபிளை நடு அடுக்கில் திணித்தார். கீழ் அடுக்கில் டீச்சர் வர்க்கி வைத்தார். நிஜ வர்க்கி.

கேரியரைப் பூட்டியதும் சென்னியப்பனுக்கு ஒரு குறை. கைகட்டி நின்றார்.

"டீச்சர்" என்றார். காலையிலிருந்து இப்போதுதான் அப்படிக் கூப்பிட்டார். "ஆபீசுல பசங்க கேப்பாங்க, மலைக்குப் போயி என்ன கத்துக்கிட்டு வந்தீங்கன்னு. எனக்கு எடுத்துச் சொல்லத் தெரியாதுங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா எழுதி வச்சுக்குவேன்."

டீச்சர் யோசித்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். மாதா படத்தை ஒரு தடவை பார்த்தார். தொண்டையைச் சரிசெய்துகொண்டு வாயைத் திறந்தார்.

வக்கீல் குரைத்தது.

ரோட்டில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு சத்தமும் கேட்கவில்லை.

சென்னியப்பன் கேரியரைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார்.